மண்டபத்துக் கூரையை முதலில் பாருங்கள்

சித்தி மகளின் கல்யாண ஆல்பம் போன வாரம்தான் கைக்கு வந்தது. இப்போதுதான் நிம்மதியாகத் தூங்குகிறேன்.

கும்பகோணத்தில் கல்யாணம். உதவிக்கு ஆள் இல்லாமல் தனியாக நான் படம் எடுத்த முதல் கல்யாணம் அது. "படமெல்லாம் மெத்துனு, பூ மாதிரி இருக்கணும்ணா" என்று தங்கை கேட்டிருந்தாள். அதற்காகவே லென்ஸுக்கு முன்னால் மாட்டும் மிஸ்ட் ஃபில்டர் என்ற கண்ணாடி ஒன்றை வாங்கினேன். மென்மை அந்தக் கண்ணாடியில்தான் இருக்கிறது என்று நம்பினேன். தப்பு அங்கே ஆரம்பித்தது.

முதல் நாள் மாலை ரிசப்ஷன். ஃபிளாஷை மேலே திருப்பி, கூரையில் பட்டு இறங்கும் வெளிச்சத்தில் எடுப்பது என் வழக்கம். அந்த மண்டபத்துக் கூரைக்கு அரக்கு நிறப் பெயின்ட். வெளிச்சம் எதில் பட்டுத் திரும்புகிறதோ அதன் நிறத்தையும் சேர்த்துக்கொண்டு வரும். மாப்பிள்ளையின் முகம் வெயிலில் கன்றியது போல ஆகிவிட்டது. சரி என்று ஃபிளாஷை நேராக வைத்தால், நெற்றியும் மூக்கும் எண்ணெய் பூசினது போலப் பளபளக்கின்றன. போதாததற்கு வீடியோக்காரரின் எல்இடி லைட். கொஞ்சம் தணிக்கச் சொல்லிக் கேட்டேன். "எனக்கு முகம் தெரியணும்ல தம்பி" என்றார். அவர் வேலை அவருக்கு. ஆனால் இதையெல்லாம் முதல் நாள் காலையிலேயே அவரோடு உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும்.

முகூர்த்தத்தில்தான் பெரிய அடி. மிஸ்ட் ஃபில்டர் வெளிச்சமான இடத்தின் ஒளியைச் சுற்றியுள்ள இருட்டுக்குள் கசியவிடும். ஹோமப் புகையும் கிட்டத்தட்ட அதையேதான் செய்கிறது. பின்னால் மணவறை முழுக்க சீரியல் லைட் வேறு. மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை. கேமராவின் சின்னத் திரையில் அழகாகத்தான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து மானிட்டரில் போட்டால் எல்லாம் பால் ஊற்றினது போல வெளுத்திருக்கிறது. தாலி கட்டும்போது எடுத்தவை 11 படங்கள். கேமரா பதிந்த விவரத்தைச் சுருக்காமல் வைத்திருக்கும் RAW ஃபைலாக எடுத்ததால் இரண்டை மட்டும் ஒருவழியாக மீட்டேன். அந்த நேரத்தைத் திரும்ப வரவழைக்க முடியாதே என்று இன்னும் மனது அடித்துக்கொள்கிறது.

காப்பாற்றியது மாமாவின் வேட்டிதான். சாப்பாட்டுக் கூடத்தை ஒட்டிய அறையில் கிழக்கே பார்த்த பெரிய ஜன்னல். ஏழரை மணி வெயில் சுள்ளென்று உள்ளே விழுந்தது. "மாமா, ஒரு வெள்ளை வேட்டி இருந்தாக் குடுங்களேன்" என்றேன். எட்டு முழ வேட்டியைப் பிரித்து, அவர் ஒரு முனையையும் மாப்பிள்ளைத் தோழன் ஒரு முனையையும் பிடித்து ஜன்னலை மறைத்தார்கள். வேட்டியே பெரிய விளக்காகிவிட்டது. அறையின் டியூப்லைட்டை அணைத்தேன். இரண்டு நிற வெளிச்சம் கலந்தால் தோலின் நிறம் கெடும். பொண்ணை வேட்டிக்குப் பக்கத்தில் நிற்க வைத்தேன். வெளிச்சம் பெரிதாகவும் கிட்டத்திலும் இருந்தால் நிழலின் ஓரம் தானாகவே கரையும். தள்ளி வைத்தால், விளக்குக்கு முன்னால் வெள்ளைத் துணி கட்டிய பெரிய சாஃப்ட்பாக்ஸும் சின்ன விளக்காகிவிடும். ஃபில்டரைக் கழற்றிவிட்டு 85 எம்எம் லென்ஸில் எடுத்தேன். ஜரிகை மின்னியது, கன்னம் மெத்தென்று இருந்தது. தங்கை கேட்டது அந்த அறையில்தான் கிடைத்தது.

எடிட்டிங்கில் இன்னொரு தப்பு. முகத்தை வழவழப்பாக்கும் கருவியை எல்லாப் படத்துக்கும் ஒரே அளவில் ஓட்டிவிட்டேன். சித்தி பார்த்ததும், "கன்னத்துல மச்சம் இருக்குமேடா, எங்க போச்சு?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. 240 படங்களையும் ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்து, தோலில் மட்டும் லேசாகச் செய்தேன். கண், நகை, மல்லிகைப்பூ எதையும் தொடவில்லை. நான்கு இரவு போனது.

ஆல்பத்தின் அட்டையில் அந்த ஜன்னல் படம்தான் இருக்கிறது; சித்தியே தேர்ந்தெடுத்தார். அடுத்த கல்யாணம் ஆவணியில். மண்டபத்துக்குப் போன ஞாயிறே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கூரை வெள்ளை.