பில்லி த கிட் நடந்த மண்ணில் பாட்டன் பெயரைத் தேடுவது எப்படி

1880 ஜூனில் எடுத்த அமெரிக்க சென்சஸில், நியூ மெக்சிகோவின் ஃபோர்ட் சம்னர் தாளில் வில்லியம் பானி என்று ஒரு வரி இருக்கிறது. வயது 25. பிறந்தது மிசௌரி. தொழில், மாட்டு வேலை. இது அமெரிக்க மேற்கின் பேர்போன துப்பாக்கிக் குற்றவாளி பில்லி த கிட் என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. ஆனால் அவன் பிறந்ததாகப் பொதுவாகச் சொல்லப்படும் வருஷம் 1859. அந்தக் கணக்கில் வயது நாலைந்து கூடுதல். பிறந்த ஊர் நியூயார்க் என்பதுதான் வழக்கமான பேச்சு, அதுவும் ஒத்துவரவில்லை. கணக்கெடுக்க வந்தவர் வாசலில் யார் நின்றார்களோ அவர்கள் சொன்னதை எழுதிக்கொண்டு போயிருப்பார். தகவல் சொன்னவர் யார் என்று குறிக்கும் வழக்கம் 1940 சென்சஸில்தான் வந்தது. ஆகவே அதற்கு முந்தைய தாளில் உங்கள் பாட்டனின் வயது ஐந்து வருஷம் முன்னே பின்னே இருந்தால் "இது வேறு ஆள்" என்று தள்ளிவிடாதீர்கள். கூட வசிப்பவர்கள் பெயரும் பக்கத்து வீட்டுப் பெயர்களும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.

அதே தாளில் இன்னொரு பாடமும் இருக்கிறது. ஃபோர்ட் சம்னர் இன்று டி பாகா கவுண்டியின் (நம் மாவட்டம் மாதிரி) தலைநகர். அந்தக் கவுண்டி பிறந்ததே 1917-ல். 1880-ல் இந்த ஊர் சான் மிகெல் கவுண்டியில் இருந்தது. பில்லி சண்டை போட்ட லிங்கன் கவுண்டியோ அந்நாளில் பிரமாண்டம். 1889-ல் அதிலிருந்து சாவேஸ், எடி என்று இரண்டு கவுண்டிகளை வெட்டி எடுத்தார்கள். பாட்டன் ஒரே வீட்டில்தான் கிடந்திருப்பார், கவுண்டி எல்லை அவர் தலைக்கு மேல் நகர்ந்துகொண்டே இருந்திருக்கும். பத்திரம் எந்த வருஷத்தில் எழுதப்பட்டதோ, அந்த வருஷத்துக் கவுண்டியின் தலைநகரில்தான் அதை முதலில் தேட வேண்டும். எல்லை மாறிய வருஷங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளாமல் வண்டியைக் கிளப்பினால் பாதிப் பயணம் வீண்.

ஆல்புகர்க்கியில் இறங்கி, ஐ-25 சாலையில் சொகோரோ தாண்டி சான் அன்டோனியோவில் கிழக்கே திரும்பினால் யு.எஸ். 380. அதில் முதலில் வருவது கேரிசோசோ, அப்புறம் கேபிட்டன், அதற்கு 12 மைல் தள்ளி லிங்கன். பலர் கேரிசோசோவை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு நேரே லிங்கனுக்குப் போய், "கோர்ட்டு ரெக்கார்டு எங்கே?" என்று கேட்டு ஏமாறுகிறார்கள். லிங்கனில் இருந்த கவுண்டித் தலைநகரை கேரிசோசோவுக்கு மாற்ற 1909-ல் வாக்கெடுப்பு நடந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1913-ல்தான் முடிந்தது. கவுண்டி கிளார்க் அலுவலகம் இருப்பது கேரிசோசோவில், அதுவும் வார நாட்களில்தான் திறந்திருக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய்ச் சேரும்படி திட்டம் போட்டால் திங்கள் காலை வரை வேடிக்கைதான் பார்க்கலாம். பத்திர அட்டவணையில் விற்றவர் வரிசை ஒன்று, வாங்கியவர் வரிசை ஒன்று என இரண்டு இருக்கும். இரண்டையும் புரட்ட வேண்டும். பெட்ரோலை கேபிட்டனிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

லிங்கன் ஒரே தெரு. டன்ஸ்டல் கடை, கல்லால் கட்டிய வட்டக் காவல் கோபுரம், தெருவின் மேற்கு முனையில் இரண்டு மாடிக் கோர்ட்டு. அந்தக் கோர்ட்டு முதலில் மர்ஃபி-டோலன் கோஷ்டியின் கடையாக இருந்தது. 1878-ல் நடந்த லிங்கன் கவுண்டிச் சண்டையின் அடி வேரே மளிகைக் கடனும் ராணுவத்துக்கு மாட்டிறைச்சி சப்ளை செய்யும் ஒப்பந்தமும்தான். துப்பாக்கி அப்புறம் வந்தது. பிப்ரவரி 18-ல் போட்டிக் கடைக்காரர் டன்ஸ்டல் கொலை, ஏப்ரல் 1-ல் மர்ஃபி-டோலன் பக்கத்து ஷெரிஃப் பிரேடி, ஜூலை 19-ல் டன்ஸ்டலின் கூட்டாளி மெக்ஸ்வீன். பிரேடி கொலைக்குத் தூக்குத் தண்டனை பெற்று அடைபட்டிருந்த பில்லி, 1881 ஏப்ரல் 28-ல் இதே கட்டடத்திலிருந்து தப்பினான். காவலர் பெல்லை மாடிப்படியில் சுட்டான்; சத்தம் கேட்டு எதிர் ஹோட்டலிலிருந்து ஓடிவந்த இன்னொரு காவலர் ஒலிங்கரை, அவருடைய சொந்தத் துப்பாக்கியாலேயே மேல் ஜன்னலிலிருந்து சுட்டான். வயசுக்கு ஒன்றாக 21 பேரைக் கொன்றான் என்பது ஊர்க்கதை. அவன் தனியாகச் சுட்டதாக ஆதாரத்தோடு சொல்லக்கூடியது நான்கு: காஹில், கிராண்ட், பெல், ஒலிங்கர். மற்றவை கும்பலாக நின்று சுட்டவை.

"எங்கள் கொள்ளுத்தாத்தா பில்லியோடு குதிரை ஏறினவர்" என்று சொல்லாத குடும்பம் அந்தப் பக்கம் குறைவு. இதைச் சோதிக்க வழி சுலபம். 1878-ல் அவருக்கு என்ன வயது? 1880 சென்சஸில் எங்கே இருக்கிறார்? 1870-ல்? மூன்றுக்கும் பதில் வந்தாலே முக்கால்வாசிக் கதை உதிர்ந்துவிடும். 1890 சென்சஸைத் தேடி நேரத்தைக் கொல்லாதீர்கள். 1921 ஜனவரியில் வாஷிங்டனில் பிடித்த தீயில் அதில் பெரும்பகுதி போய்விட்டது. நியூ மெக்சிகோவுக்கு 1885-ல் தனியாக ஒரு கணக்கெடுப்பு நடந்தது. எல்லாக் கவுண்டியும் கிடைக்காவிட்டாலும் 1880-க்கும் 1900-க்கும் நடுவே பிடித்து நிற்க அதுதான் படிக்கட்டு.

பெயர் விஷயத்துக்கு வருவோம். பில்லியின் நிஜப்பெயர் ஹென்றி மெக்கார்ட்டி. 1873 மார்ச் 1-ல் சாண்டா ஃபேயின் பிரஸ்பிட்டேரியன் சர்ச்சில் அவன் அம்மா கேத்தரின், வில்லியம் ஆன்ட்ரிமை மணந்தார். சாட்சிகளில் ஹென்றி, ஜோசப் என்று இரண்டு மகன்களின் பெயரும் உண்டு. அதன் பிறகு பையன் ஹென்றி ஆன்ட்ரிம், கடைசியில் வில்லியம் பானி. உங்கள் ஆள் திடீரென்று காணாமல் போனால் அம்மா மறுமணம் செய்தாரா என்று பார்த்து, மாற்றாந்தகப்பன் பெயரிலும் தேடுங்கள். ஸ்பானிஷ் குடும்பமென்றால் பி-யும் வி-யும் ஒரே ஒலி: பாகா, வாகா ஆகிவிடும். தொடக்கத்து ஹெச் எழுத்துக்கு ஒலியே இல்லை, எர்ரேரா ஒரு இடத்தில் ஹெச்சோடும் இன்னொரு இடத்தில் ஹெச் இல்லாமலும் இருக்கும். பிறப்பு இறப்பைச் சர்க்கார் ஒழுங்காகப் பதியத் தொடங்குமுன் கத்தோலிக்க ஞானஸ்நானப் பதிவேடுதான் கதி. அதில் ஞானத்தந்தை, ஞானத்தாய் பெயரை விடாதீர்கள், பெரும்பாலும் அத்தை மாமா உறவாகவே இருக்கும். கொஞ்சம் ஸ்பானிஷ் தெரியாமல் இங்கே வேலை நடக்காது. பில்லி செத்த மறுநாள் எழுதிய பிரேத விசாரணை அறிக்கையே ஸ்பானிஷில்தான் இருக்கிறது.

நிலப் பட்டாவுக்கு நேரில் அலைய வேண்டாம். மத்திய அரசின் நில நிர்வாகத் துறை பட்டாக்களைப் படமாகவே இணையத்தில் போட்டிருக்கிறது. 1862 சட்டப்படி 160 ஏக்கர், ஐந்து வருஷம் குடியிருந்து உழ வேண்டும், கடைசியில் சாட்சிகள் வந்து சொல்ல வேண்டும். பட்டாவில் வெறும் பெயரும் நிலக் குறிப்பும்தான். வீட்டின் அளவு, எத்தனை ஏக்கர் உழுதார், சாட்சி சொன்ன அண்டை வீட்டார் யார் என்பதெல்லாம் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும் கோப்பில்தான். பாதியில் விட்டுப் போனவருக்குப் பட்டா கிடையாது, ஆனால் கோப்பு இருக்கலாம். நிலக் குறிப்பைப் பின்னாலிருந்து படியுங்கள்: "தென்மேற்குக் காலின் வடகிழக்குக் கால்" என்றால் 640 ஏக்கர் செக்ஷனில் முதலில் தென்மேற்கு 160, அதற்குள் வடகிழக்கு 40. ஆறு மைல் சதுரமான டவுன்ஷிப் ஒன்றில் ஒரு மைல் சதுரமாக 36 செக்ஷன். எண் வடகிழக்கு மூலையில் தொடங்கி மேற்கே 6 வரை போகும், 7 அதற்கு நேர் கீழே வந்து கிழக்கே திரும்பும். ஏர் சால் திரும்புகிற மாதிரி. இது தெரியாமல் 7-ஐ 1-க்குக் கீழே தேடினால் ஐந்து மைல் தள்ளி வேறொருவர் நிலத்தில் நிற்பீர்கள்.

பழைய படம் கிடைத்தால் அதன் மேல் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்புத் தகட்டுப் படம், 1856-க்கு முந்தியதாக இருக்க முடியாது. அந்த வகைப் படத்தில் இடம் வலமாகத் தெரியும். பில்லி இடக்கையன் என்ற கட்டுக்கதை அப்படித்தான் பிறந்தது. 1873 மாடல் வின்செஸ்டரில் குண்டு போடும் வாய் வலப்பக்கம்தான். அவன் படத்தில் அது இடப்பக்கம் தெரிகிறது, ஆகவே படம்தான் புரண்டிருக்கிறது. தாத்தா படத்தில் சட்டைப் பொத்தானையும் பாட்டி படத்தில் மோதிர விரலையும் இப்படிப் பாருங்கள்.

லிங்கனிலிருந்து ராஸ்வெல் வழியாக ஃபோர்ட் சம்னர் கிட்டத்தட்ட 140 மைல். 1881 ஜூலை 14 ராத்திரி பீட் மேக்ஸ்வெல் வீட்டில் ஷெரிஃப் பேட் கேரட் பில்லியைச் சுட்டார். அவனுடைய கல்லறைக் கல்லை 1950-ல் திருடிப் போனார்கள். 1976-ல் டெக்சஸின் கிரான்பரியில் கிடைத்தது. 1981-ல் மறுபடி திருட்டு, கலிபோர்னியாவில் மீட்பு. இப்போது கம்பிக் கூண்டுக்குள் இருக்கிறது. பெக்கோஸ் ஆற்று வெள்ளம் பழைய அடையாளங்களை அழித்ததால் கல் இருக்கும் இடமும் உடல் இருக்கும் இடமும் ஒன்றா என்பதே வழக்கு. டிஎன்ஏ எடுக்க சில்வர் சிட்டியில் அம்மா கல்லறையைத் தோண்ட 2000களில் முயன்றதும் இதே சிக்கலில் மாட்டியது, அவர் கல்லறையும் 1880களில் இடம் மாறியது. இன்னொரு பேர்போன கொள்ளைக்காரன் ஜெஸ்ஸி ஜேம்ஸுக்கு 1995-ல் அந்த டிஎன்ஏ சோதனை முடிந்ததென்றால், தாய்வழி டிஎன்ஏவை ஒப்பிட சகோதரியின் வாரிசுகள் உயிரோடு இருந்ததால்தான். உங்கள் குடும்பத்தில் தாய்வழிக் கிளையில் மூத்தவர் யாராவது இருந்தால் முதலில் அவரிடம் மாதிரி கேளுங்கள்.

மயானத்தில் மங்கிய எழுத்தைப் படிக்க ஷேவிங் கிரீம், பிளீச், கம்பி பிரஷ் எதுவும் வேண்டாம், கல்லைத் தின்றுவிடும். சுத்தத் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். உச்சிவெயிலில் எழுத்து தட்டையாகத் தெரியும். ஓரடி கண்ணாடி ஒன்றைப் பிடித்து வெயிலைப் பக்கவாட்டில் கல்லின் மேல் சாய்த்தால் எழுத்தின் நிழல் எழும்பும், அப்போது படம் எடுங்கள். கல்லின் பின்பக்கத்தையும் இருபுறத்துக் கற்களையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.