வாளிக்குள் விழுந்த போனும் ஆறு இலக்கமும்

போன கிழமை கிணற்றடியில் குளிக்கப் போன இடத்தில் போன் கை தவறி வாளிக்குள் விழுந்தது. கஸ்தூரியார் வீதியில் திருத்தக் கொடுத்தால், "ரெண்டு நாள் செல்லும் அண்ணை" என்றான் கடைப் பெடியன். எனக்கோ அன்றைக்கே மின்னஞ்சலுக்குள் போக வேண்டும். கடவுச்சொல் தெரியும், அதற்குப் பிறகு இரண்டாவது பூட்டாகக் கேட்கும் ஆறு இலக்கக் குறியீடு போனில் இருக்கும் செயலிக்குள்.

நல்லகாலம், அந்தச் செயலியில் கணக்கைச் சேர்க்கக் கியூஆர் குறியீட்டை ஸ்கான் பண்ணிய அன்று அதற்குக் கீழே இருந்த நீளமான எழுத்துச் சரத்தைக் கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். மச்சான் ஓர் இணையப் பக்கத்தைக் காட்டினான். "இதுக்குள்ள அதைப் போடு, கோட் வரும்."

வரும்தான், அதில் மந்திரம் ஒன்றுமில்லை. அந்த இரகசியச் சரத்தையும் நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் பண்ணினால் வழக்கமாக 30 விநாடிக்கு ஒரு புது இலக்கம், 2011இல் வந்த ஆர்எப்சி 6238 என்ற இணையத் தர ஆவணம் சொல்வது அவ்வளவுதான். இணையம்கூடத் தேவையில்லை.

ஆனாலும் எனக்குக் கை வரவில்லை. ஆறு இலக்கத்தை யாராவது எட்டிப் பார்த்தாலும் ஒரு நிமிடத்தில் அது குப்பை. சரம் அப்படியில்லை, அது களவு போனால் நான் மாற்றும்வரை களவெடுத்தவனுக்கும் என் இலக்கம் வந்துகொண்டே இருக்கும். "எல்லாம் உங்கள் உலாவிக்குள்தான் நடக்கிறது" என்று அந்தப் பக்கத்தில் போட்டிருந்தது; இன்றைக்கு உண்மையாகவும் இருக்கலாம், ஆனால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் நிரல் புதிதாக வந்து இறங்குகிறது, நாளைக்கு அதே முகவரியில் வேறொன்றை வைத்தால் எனக்கு எப்படித் தெரியும்? உலாவியில் நாங்களே ஏற்றி வைத்திருக்கும் நீட்சிகள் எட்டிப் பார்ப்பது வேறு கதை.

கடைசியில் பக்கத்தைப் பழைய மடிக்கணினியில் சேமித்து, நிரலை ஒருக்கா வாசித்து, வைபையை நிறுத்திவிட்டுத்தான் சரத்தைப் போட்டேன். லொகின் பக்கம் தங்கச்சியின் போனில். முதல் இலக்கம் பிழை, இரண்டாவதும் பிழை. பார்த்தால், பற்றரி செத்த அந்தக் கணினியின் மணிக்கூடு நாலு நிமிடம் பின்னுக்கு! நேரத்தைத் திருத்தியதும் உள்ளே விட்டது.

மச்சான் அந்த இணையப் பக்கத்தைத் தினமும் பாவிக்கிறான், கடவுச்சொல்லும் அதே உலாவியில்தான். பூட்டு இரண்டு, திறப்பு இரண்டும் ஒரே ஆணியில். "வேறெங்கயாவது பாஸ்வேர்ட் கசிஞ்சாலும் இது காப்பாத்தும்தானே" என்கிறான். அது சரிதான். கணினியே களவு போனால் என்ன செய்வாய் என்று கேட்டதற்கு மட்டும் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டான்.

போன் திரும்பி வந்ததும் பழைய சரத்தை மாற்றிவிட்டேன். இந்த முறை, போன் இல்லாமலே உள்ளே போக உதவும் மீட்புக் குறியீடுகளையும் எடுத்து, கொப்பியோடு அலுமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன்.