சலவை அறையில் 66 டிகிரி

11 ஜனவரி 2025, சனி

துணி உலர்த்தும் இயந்திரத்தின் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, அதே 240 வோல்ட் பாயின்ட்டில் பியர் பாத்திரத்தைச் செருகியாச்சு. டொராண்டோ வீட்டு பேஸ்மென்ட்டில் 30 ஆம்ப் லைன் அங்கே ஒன்றுதான். பாத்திரத்தைச் சூடாக்கும் 5500 வாட் எலிமென்ட் 23 ஆம்ப் இழுக்கும். காய்ச்சும் நாளில் துணி காயாது என்று வீட்டில் ஒப்பந்தம்.

28 லிட்டர் தண்ணீர், துணிப்பையில் 5.3 கிலோ பார்லி மால்ட், அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லி. பம்ப் பாத்திரத்து நீரை உறிஞ்சி, குழாய் வழியாக மேலே திரும்ப ஊற்றிக்கொண்டே இருக்கும். சூட்டைப் பார்த்து எலிமென்ட்டை எரிப்பது கன்ட்ரோலர். தண்ணீரை 70-க்கு ஏற்றி மால்ட்டைக் கொட்டினேன். குளிரில் கிடந்த தானியம் நாலு டிகிரியைக் குடித்துவிட்டது, முள் மாதிரி நான் நினைத்த 66-ல் நின்றது. கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

கால் மணி நேரத்தில் மாடியிலிருந்து மாமியார் குரல். "என்ன மாப்பிள்ளை, ஹார்லிக்ஸ் வாசனை வருது, யாருக்கு உடம்பு சரியில்லை?" ஹார்லிக்ஸும் முளைகட்டிய பார்லிதான், அவர் மூக்கு தப்புச் சொல்லவில்லை. பார்லிக் கஞ்சி என்ற அளவில் விளக்கத்தை நிறுத்திக்கொண்டு இறங்கி வர பத்து நிமிஷம் ஆகியிருக்கும்.

வந்து பார்த்தால் கன்ட்ரோலரில் 63. எலிமென்ட் 100 சதவீதத்தில் எரிகிறது. மேலே திரும்பி ஊற்றவேண்டிய குழாயில் நூல் மாதிரி ஒழுகல். பம்ப் வெறுமனே உறுமிக்கொண்டிருந்தது. கரண்டியை விட்டு பையைத் தூக்கிக் கிண்டினேன். ஓட்டம் திரும்பியதும் 63 என்றிருந்த எண் 67, 71 என்று தாவி 74-ல் போய் உட்கார்ந்தது. பதறிப்போய் மூன்று லிட்டர் பச்சைத் தண்ணீரை ஊற்றி 68-க்கு இறக்கினேன். அதிகத் தண்ணீரை விரட்ட அரை மணி நேரம் கூடுதலாகக் கொதிக்க விடவேண்டியதாயிற்று.

22 ஜனவரி, புதன்

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன பியரின் அடர்த்தி இறங்கவேண்டும் (வெறும் தண்ணீர் என்றால் 1.000). 1.050-ல் தொடங்கியது 1.019-லேயே நிற்கிறது. மூன்று நாளாக அசைவில்லை. யூஎஸ்-05 ஈஸ்ட் சும்மா 1.011 வரைக்கும் போகக்கூடியது. குடித்துப் பார்த்தேன். பொங்கல் முடிந்து ஒரு வாரம் கழித்து இன்னொரு சர்க்கரைப் பொங்கல்.

ஈஸ்ட் மேல் தப்பில்லை. மாவுச்சத்தை ஈஸ்ட் தின்னக்கூடிய சின்னச் சர்க்கரையாக நறுக்குவது முக்கியமாக பீட்டா அமிலேஸ் என்ற நொதி. அதற்கு 60-லிருந்து 65 வரை சுகம். 70-ஐத் தாண்டினால் சில நிமிஷங்களில் செத்துவிடும். ஆல்ஃபா அமிலேஸ் அந்தச் சூட்டிலும் வேலை செய்யும், ஆனால் பெரிய பெரிய துண்டாக வெட்டிப்போடும். அதில் பலதை ஈஸ்ட் தொடாது. நான் 68-க்கு இறக்கியது செத்தவனுக்கு வைத்தியம் பார்த்த கதை. சூடு குறைந்துபோனால் ஏற்றிக்கொண்டு ஒரு மணி நேரம் கூடக் காத்திருக்கலாம். ஏறிப்போனதற்கு மருந்தே இல்லை.

25 ஜனவரி, சனி

வெறும் தண்ணீர் வைத்துச் சோதனை. 66-ல் நிலைப்படுத்திவிட்டு, பை அடைத்துக்கொண்டதுபோல வால்வை முக்கால்வாசி மூடினேன். ஒரு கையில் சமையல் தெர்மாமீட்டர், கண் கன்ட்ரோலரில்.

நாலு நிமிஷத்தில் கன்ட்ரோலர் 63-க்கு இறங்கியது. பாத்திரத்துக்குள் தெர்மாமீட்டர் 69-ஐக் கடந்து ஏறிக்கொண்டிருந்தது.

கன்ட்ரோலருக்குச் சூட்டைச் சொல்லும் பிடி100 சென்சார் பொய் சொல்லவில்லை. அதை நான் திருகியிருந்த இடம் பாத்திரத்துக்கு வெளியே, பம்புக்குப் போகிற குழாயில். ஓட்டம் நின்றால் குழாயில் தேங்கியது ஆறிப்போகும். ஆறுகிறதே என்று கன்ட்ரோலர் எரிக்கும். எரிக்க எரிக்க உள்ளே கொதிக்கும், வெளியே இன்னும் ஆறும். எவ்வளவு எரிப்பது என்று பிஐடி என்ற கணக்கை வைத்து முடிவு செய்யும் கன்ட்ரோலர் இது. அதன் எண்களைத் தானே சரிசெய்துகொள்ள எத்தனை தடவை ஆட்டோட்யூன் போட்டாலும் இது தீராது. இரண்டு வாரமாக அந்த மூன்று எழுத்துக்குப் பின்னால் இருக்கும் எண்களைத்தான் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எலிமென்ட்டின் அவசரம் இன்னொரு பக்கம். 28 லிட்டரும் தானியமும் சேர்ந்து முழு வாட்டில் ஒரு டிகிரி ஏற 23 விநாடி. பைக்கு அடியில் சிக்கிய ஏழு லிட்டருக்கு மட்டும் கணக்குப் போட்டால் ஐந்தே விநாடி.

26 ஜனவரி, ஞாயிறு

பாத்திரத்தின் பக்கவாட்டில், எலிமென்ட்டுக்கு ஒரு சாண் மேலே ஓட்டை போட்டேன். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வேகமாகத் துளைத்தால் உலோகம் சூடேறி இன்னும் இறுகிவிடும், பிட்தான் மழுங்கும். படி படியாக அகலும் ஸ்டெப் பிட், சொட்டு சொட்டாக எண்ணெய், ட்ரில் மிக மெதுவாக. வெள்ளிச் சுருள் ஒரே இழையாக வந்தால் சரி, தூளாக உதிர்ந்தால் நிறுத்தி எண்ணெய் விடவேண்டும். அரை மணி நேரம் ஆனது. சென்சாரை வாஷரோடு திருகி நீர் நிரப்பிப் பார்த்தேன், ஒழுகல் இல்லை.

இந்த இடத்தில் எலிமென்ட்டிலிருந்து எழும் சூடு முதலில் படும், தானியத்தைவிட ஒரு டிகிரி கூடத்தான் காட்டும். காட்டட்டும். தப்பினாலும் குளிர்ந்த பக்கமாகத் தப்பும்.

1 பிப்ரவரி, சனி

மறுபடி அதே மால்ட், அதே அளவு. அரைவை மட்டும் கொஞ்சம் கரகரப்பாக. கூடவே அரைக் கிலோ உமி, பை அடைக்காமல் இருக்க. ஊரில் ரைஸ் மில் வாசலில் குவிந்து கிடக்கும் உமியை இங்கே பாக்கெட்டில் காசு கொடுத்து வாங்கி வந்ததை மாமியாரிடம் சொல்லவில்லை.

கன்ட்ரோலரை மேனுவலில் வைத்து 69 வரை ஏற்றி, அப்புறம்தான் ஆட்டோவுக்கு மாற்றினேன். முதலிலிருந்தே ஆட்டோவில் விட்டால் நெடுநேரம் குறைவாக இருந்த பாக்கியை எல்லாம் சேர்த்துவைத்துக்கொண்டு, இலக்கைத் தொட்ட பிறகும் எரித்துத் தள்ளும். மால்ட் போட்டபின் உச்ச வெளியீட்டை 25 சதவீதத்தில் கட்டினேன். இப்போது ஒரு டிகிரி ஏற ஒன்றரை நிமிஷம். எனக்கு மாடிக்குப் போய்வர அது போதும். வால்வைப் பாதி மூடி ஓட்டத்தையும் குறைத்தேன், பம்ப் முழு வேகத்தில் உறிஞ்சினால் பை அடியோடு அமுங்கிவிடுகிறது.

இலக்கு 66. பையின் நடுவில் தெர்மாமீட்டரைக் குத்திப் பார்த்தால் 64.5. பத்து நிமிஷம் கழித்து 65. வெளியீடு எட்டு சதவீதத்தில் முனகிக்கொண்டிருந்தது, பாத்திரம் காற்றில் இழக்கிற சூட்டுக்கு அவ்வளவே தேவை. ஒரு மணி நேரம் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். எதுவும் நடக்கவில்லை.

16 பிப்ரவரி, ஞாயிறு

காலை முழுக்கப் பனி வாரினோம். உள்ளே வந்து அடர்த்தி பார்த்தேன்: 1.051-லிருந்து 1.011. இனிப்பு போய், பியரில் போடும் ஹாப் பூவின் கசப்பு நாக்கில் தனியாகத் தெரிகிறது. முதல் தொகுதியில் பன்னிரண்டு பாட்டில் இன்னும் மிச்சம், கறிக்குத்தான் ஊற்றவேண்டும்.

நாளை ஃபேமிலி டே விடுமுறை, மூன்றாவது தடவை காய்ச்சலாம் என்றிருந்தேன். பிள்ளைகளின் பனிக்கோட்டும் கையுறையும் மொத்தமாக நனைந்து கிடக்கின்றன. ப்ளக்கை எடுத்து உலர்த்தும் இயந்திரத்தில் மாட்டிவிட்டு வந்தேன்.