டிஎன்ஜிக்கு மாறியபோது

போன ஆடி மாதம் ஒரு தம்பி ஸ்டூடியோவுக்கு வந்தார். "அண்ணே, 2007-ல எங்க அக்கா கல்யாணத்துக்கு நீங்கதான் போட்டோ எடுத்தீங்க. பாட்டி தவறிட்டாங்க. அந்தக் கல்யாணத்துல அவங்க உட்கார்ந்திருக்கிற படத்தைப் பெருசா பிரிண்ட் போட்டு மாலை போடணும். பதினாறாம் நாளுக்குள்ள வேணும்" என்றார். அவர்களிடம் இருந்தது ஆல்பத்தில் ஒட்டிய சின்னப் படம் மட்டும்தான்.

அந்தப் படத்தின் ரா ஃபைல், அதாவது சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைல், என்னிடம் இருந்தது. நான் எதையும் அழிக்கிறவன் இல்லை. திறக்கத்தான் முடியவில்லை. கேமராவோடு வந்த சிடியில் இருந்த மென்பொருள் புது விண்டோஸில் ஏற மறுத்தது. அதே நிறுவனத்தின் இப்போதைய மென்பொருளோ அந்தப் பழைய மாடலைச் சீந்தவில்லை. பரணில் கிடந்த எக்ஸ்பி கம்ப்யூட்டரை இறக்கித் தூசி தட்டி, ஒரு ராத்திரி மல்லுக்கட்டிப் படத்தை எடுத்துக் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் வயிற்றைக் கலக்கியது. அதே கேமராவில் எடுத்த கல்யாணங்கள் நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. அந்தப் பெட்டி நாளைக்குப் படுத்துவிட்டால்?

ரா ஃபைலின் சங்கடமே இதுதான். கேனானுக்கு சிஆர்டபிள்யூ, சிஆர்2, சிஆர்3, நிகானுக்கு என்இஎஃப், சோனிக்கு ஏஆர்டபிள்யூ. ஃபைல் பெயரின் கடைசி எழுத்துதான் இத்தனை வகை என்றில்லை, ஒரே எழுத்துக்குள்ளும் மாடலுக்கு மாடல் உள்ளே மாறும். உள்ளே என்ன எப்படி வைத்திருக்கிறோம் என்று நிறுவனங்கள் பெரும்பாலும் வெளியிடுவதில்லை. டேவ் காஃபின் என்பவர் 1997 முதல் ஒவ்வொரு கேமராவின் ஃபைலையும் நோண்டிப் பார்த்து எழுதிய டிசிரா என்ற நிரலால்தான் பல இலவச மென்பொருள்கள் இவற்றைப் படிக்கக் கற்றன.

இதற்கு மாற்றாக, எல்லா கேமராவுக்கும் பொதுவான ரா வடிவமாக டிஎன்ஜியை (டிஜிட்டல் நெகட்டிவ்) அடோபி 2004 செப்டம்பரில் வெளியிட்டது. டிஃப் என்ற பழைய பட ஃபைல் வகையின் குடும்பத்து வடிவம்தான். விவரக்குறிப்பு முழுவதும் பொதுவில் இருக்கிறது, யாரும் கட்டணம் இல்லாமல் பயன்படுத்தலாம். முக்கியமான விஷயம், அந்த சென்சாரின் நிறங்களை எப்படிப் புரிந்துகொள்வது என்ற குறிப்பும் ஃபைலுக்குள்ளேயே இருக்கும். அதனால் மென்பொருளுக்கு அந்த கேமராவின் பெயர் தெரியாவிட்டாலும் படம் திறக்கும். லைக்கா, பென்டாக்ஸ், ரிக்கோ ஜிஆர் கேமராக்கள் நேரடியாகவே டிஎன்ஜி எழுதும். ஆண்ட்ராய்டு போன்களுக்கு 2014-இல் 5.0 பதிப்போடு இந்த வசதி வந்தது. ஐபோனின் ரா வடிவமான புரோராவும் டிஎன்ஜிதான். கல்யாண வேலைக்கு நம்மூரில் அதிகம் புழங்கும் கேமராக்களில்தான் இது கிடையாது. ஆகவே மாற்றித்தான் ஆகவேண்டும்.

அடோபியின் இலவச கன்வெர்ட்டரை இறக்கினேன். ஃபோல்டரைக் காட்டினால் போதும், வேலை தன்னால் ஓடும். முதல் நாள் ஆர்வக்கோளாறில் 'லீனியர்' என்ற கட்டத்தையும் டிக் செய்துவிட்டேன். ஏதோ நல்லது என்று நினைப்பு. காலையில் வந்து பார்த்தால் ஒவ்வொரு ஃபைலும் ஏறக்குறைய மூன்று மடங்கு வீங்கியிருக்கிறது, டிஸ்க் நிரம்பி வழிகிறது.

காரணம் பிறகுதான் விளங்கியது. ரா என்பது கோலத்துக்குப் புள்ளி வைத்த நிலை. சென்சாரின் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என ஏதாவது ஒரு நிறம்தான் பதிவாகியிருக்கும். மற்ற இரண்டையும் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து மென்பொருள் பிறகு இழுத்து நிரப்பும். லீனியர் என்றால் கோட்டை இழுத்து முடித்துவிட்டது என்று பொருள். ஒரு புள்ளிக்கு மூன்று எண். அதுதான் மூன்று மடங்கு. அதோடு, நாளைக்கு இதைவிட நன்றாகக் கோடு போடும் மென்பொருள் வந்தாலும் பிரயோசனமில்லை. அத்தனையையும் அழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன்.

இன்னொரு கட்டம், பழைய ரா ஃபைலையும் டிஎன்ஜிக்குள் அப்படியே வைத்துத் தைப்பது. அளவு இரட்டிப்பாகும் என்பதால் வேண்டாம் என்று விட்டேன். மூலங்களைத் தனி ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வீட்டுப் பீரோவில் வைத்துவிட்டேன். மாற்றியதும் மூலத்தைத் தூக்கிப்போடு என்கிறவர்களும் உண்டு. எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. கேமரா நிறுவனத்தின் மென்பொருள், மாற்றிய டிஎன்ஜியைத் திறக்காது. அதன் நிறம்தான் வேண்டும் என்று ஒருநாள் தோன்றினால் மூலம் இல்லாமல் முடியாது.

மொத்தம் 31,000 ஃபைல்கள். பதினோரு ராத்திரி ஓடியது. 23 ஃபைல்களை மாற்ற முடியவில்லை என்று கன்வெர்ட்டர் பட்டியல் கொடுத்தது. டிஸ்க்கிலேயே அரித்துப் போயிருந்திருக்கின்றன. எத்தனை வருடமாக அப்படிக் கிடந்தனவோ! இதைச் செய்யாமல் இருந்திருந்தால் யாராவது வந்து கேட்கும் நாளில்தான் தெரிந்திருக்கும்.

டிஎன்ஜிக்குள் படத் தரவுக்கு எம்டி5 என்ற ஒரு கைரேகையும் பதிவாகிறது. பின்னாளில் ஒரு பிட் மாறினாலும் சோதனையில் மாட்டிக்கொள்ளும். அதை நம்பி நிம்மதியாக இருந்தேன். அப்போது ஸ்டூடியோ பையன் ஒரு தம்ப்நெயிலைக் (படத்தின் சின்ன முன்தோற்றம்) காட்டி, "அண்ணே, இது ஏன் பாதி ஊதாவா இருக்கு?" என்றான். அரித்த ஃபைல்களில் சில எந்தப் புகாரும் இல்லாமல் மாறிப் போயிருக்கின்றன! கைரேகை எடுப்பது மாற்றிய அன்றுதான். கெட்ட படத்துக்கும் நல்ல முத்திரையே விழும். அப்புறம் என்ன, மூன்று நாள் உட்கார்ந்து எல்லாத் தம்ப்நெயில்களையும் கண்ணால் ஓட்டினோம். இன்னும் ஒன்பது கிடைத்தன.

இப்போது ஒரு சின்ன எரிச்சல் உண்டு. நிறம் திருத்தினால் அந்தக் குறிப்பு தனி எக்ஸ்எம்பி ஃபைலில் போகாமல் டிஎன்ஜிக்குள்ளேயே எழுதப்படுகிறது. பிரிந்து தொலையாது, நல்லதுதான். ஆனால் பேக்கப் மென்பொருளுக்கு முழு ஃபைலும் மாறியதாகத் தெரிவதால் அத்தனையையும் மறுபடி நகல் எடுக்கிறது. அதனால் புது வேலைகளை ஆல்பம் கொடுத்து முடிக்கும்வரை தொடுவதில்லை. கணக்கு முடிந்த பிறகுதான் டிஎன்ஜிக்கு மாற்றுகிறேன்.

கெட்டுப்போன 32-இல் 28 பழைய டிவிடிகளில் நல்லபடியாகக் கிடைத்தன. மிச்சம் நான்கும் ஒரே கல்யாணத்து நலங்குப் படங்கள். மூன்றில் உள்ளே பொதிந்திருந்த சின்ன ஜேபெக்கை மட்டும் எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருளை வைத்து உருவி எடுத்தேன். ஒன்றில் அதுவும் இல்லை. அந்த வீட்டார் இதுவரை வந்து கேட்கவில்லை.