பேரேரி மீன்களில் நச்சு அளக்க மானியம்: பணத்துக்கு ஒரு காலண்டர், மீனுக்கு இன்னொன்று

வட அமெரிக்காவின் ஐந்து பேரேரிகளில் பிடிபடும் மீன்களில் பி.சி.பி. (பழைய மின்கருவி எண்ணெய்களில் இருந்த நச்சு), டி.டி.டி. (பூச்சிக்கொல்லி), பாதரசம் போன்றவை எவ்வளவு சேர்ந்திருக்கின்றன என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை (இனி இ.பி.ஏ.) 1970களிலிருந்து அளந்துவருகிறது. ஆய்வக வேலையைப் பல்கலைக்கழகங்கள் போட்டியிட்டுப் பெறுகின்றன. கிடைப்பது பெரும்பாலும் 'கூட்டு ஒப்பந்தம்' வகை. பணத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள மாட்டார்கள். மாதிரித் திட்டத்திலிருந்து தரவுச் சரிபார்ப்பு வரை முகமையின் திட்ட அலுவலரும் கூடவே இருப்பார். விண்ணப்பிக்க நினைக்கும் ஆய்வகங்களுக்கு, எங்கெங்கே கால் இடறும் என்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறோம். வேதியியலில் இடறுபவர்கள் குறைவு.

முதலில் எந்த மீன், எதற்காக என்பது. இத்திட்டத்தில் அரைப்பது முழு மீனை. தலை, குடல், கொழுப்பு எல்லாம் சேர்த்துத்தான். ஏரியின் போக்கு ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறுகிறது என்று பார்ப்பதுதான் நோக்கம். 'வாரத்துக்கு எத்தனை முறை சாப்பிடலாம்' என்ற அறிவுரை மாநிலங்களின் வேலை. அதற்குத் தோல் நீக்கியோ நீக்காமலோ எடுத்த சதைத்துண்டு போதும். இரண்டையும் குழப்பி, முழுமீன் எண்களை வைத்து உணவு ஆபத்தைக் கணக்கிடுவதாக எழுதிய விண்ணப்பத்தை மதிப்பீட்டாளர் முதல் பக்கத்திலேயே எடைபோட்டுவிடுவார்.

சுப்பீரியர், மிச்சிகன், ஹியூரன், ஒன்டாரியோ ஏரிகளில் லேக் டிரவுட் என்ற மீன், 600 முதல் 700 மி.மீ. நீளம். ஆழம் குறைந்த ஈரி ஏரியில் வால்ஐ என்ற மீன், 400 முதல் 500 மி.மீ. ஒவ்வொரு ஏரியிலும் இரண்டு இடங்கள், ஒற்றைப்படை ஆண்டில் ஒன்று, இரட்டைப்படை ஆண்டில் மற்றது. இடத்துக்கு 50 மீன். ஐந்தைந்தாகச் சேர்த்து அரைத்தால் 10 கூட்டு மாதிரி. ஐந்து ஏரிக்கும் ஆண்டுக்கு 250 மீன், 50 மாதிரி. ஒரே நீளமுள்ள இரண்டு மீன்களில் ஒன்று நாலைந்து வயது மூத்ததாக இருக்கலாம். மூத்தது அதிக நச்சைச் சுமந்திருக்கும். அதனால் செவிக்கல்லையும் (மீனின் காதுக்குள் ஆண்டு வளையங்களோடு வளரும் சிறு கல்), வளர்ப்புப் பண்ணையில் மூக்கில் பதித்த குறியீட்டுக் கம்பித் துண்டையும் பார்த்து வயதறிந்து, வயதுப்படி மீன்களைக் கூட்டுவதே நல்லது. இந்த வயதறியும் வேலைக்கு ஆள்கூலி ஒதுக்க மறக்கிற பட்ஜெட்டுகள் ஏராளம்.

பதிவு வேலைகளை அறிவிப்பு வரும் முன்பே முடித்துவிடுங்கள். அரசு நிதி பெறுவோர் பதிந்துகொள்ளும் சாம் தளப் பதிவு ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்க வேண்டியது. நிறுவனத்தின் சட்டப்படியான பெயரும் முகவரியும் ஆவணத்தோடு எழுத்துக்கெழுத்து பொருந்தாவிட்டால் சரிபார்ப்பு வாரக்கணக்கில் இழுக்கும். 2022 ஏப்ரல் முதல் நிறுவனத்தை அடையாளம் காட்டும் பழைய டன்ஸ் எண் செல்லாது, சாம் தளம் தரும் யூ.இ.ஐ. எண்தான். விண்ணப்பத்தை ஏற்றும் கிராண்ட்ஸ் டாட் கவ் தளத்தில் 'சமர்ப்பி' பொத்தானை அழுத்தும் உரிமை பேராசிரியருக்கு இல்லை. நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட பிரதிநிதிக்கு மட்டுமே. அவர் விடுமுறையில் இருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிரிப்பாகத் தோன்றும், ஆனால் இப்படித் தவறும் விண்ணப்பங்கள் உண்டு. பக்க வரம்பைத் தாண்டிய பக்கங்களைப் படிக்கவே மாட்டார்கள்.

அடுத்தது எஸ்.எஃப். 424ஏ படிவம், அதாவது பட்ஜெட். கூட்டாளிப் பல்கலைக்கழகத்துக்குத் தரும் துணை மானியத்தை 'ஒப்பந்தம்' என்ற வரியில் போடுவது பழகிப்போன தவறு. இ.பி.ஏ. கணக்கில் அது 'பிற' வரியில் வரும். 'ஒப்பந்தம்' என்பது சேவையை விலைக்கு வாங்குவது. ஒரு தனியார் ஆய்வகத்தின் பெயரை விண்ணப்பத்தில் எழுதிவிட்டால் போட்டி விலைப்புள்ளி வாங்கும் கடமை தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். மறைமுகச் செலவை (கட்டடம், மின்சாரம், நிர்வாகம் போன்ற பொதுச் செலவு) கணக்கிடும்போது ஒவ்வொரு துணை மானியத்திலும் முதல் 50,000 டாலருக்கு மட்டுமே விகிதம் பொருந்தும். 2024 அக்டோபருக்கு முன் இது 25,000. பழைய எக்செல் கோப்பை நகலெடுப்பவர்கள் இங்கே மாட்டுவார்கள்.

மாதிரி எண்ணிக்கையை 50 என்று வைத்துச் செலவு போட்டால் நடுவழியில் பணம் தீரும். பி.எஃப்.ஏ.எஸ். (ஒட்டாத, நீர்புகாப் பூச்சுகளில் உள்ள, எளிதில் அழியாத வேதிப்பொருள்கள்) அளக்கும் இ.பி.ஏ.வின் 1633 முறையில் ஒரு தொகுதியில் அதிகபட்சம் 20 மாதிரி. ஒவ்வொரு தொகுதிக்கும் நச்சு இல்லாத வெற்று மாதிரி, தெரிந்த அளவு சேர்த்த மாதிரி எல்லாம் தனி. அவையும் கருவி நேரத்தைத் தின்னும். அளவீட்டைச் சரிபார்க்க உதவும், சான்றளிக்கப்பட்ட ஒப்பீட்டுப் பொருளாக அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான என்.ஐ.எஸ்.டி.யின் 1946 (சுப்பீரியர் ஏரி மீன்), 1947 (மிச்சிகன் ஏரி மீன்) இரண்டையும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். அரைத்த மீனில் மிச்சமான கூழைக் காப்பகத்தில் வைக்கக் குளிர்பெட்டியும் மின்தடை எச்சரிக்கைக் கருவியும் வேண்டும். பின்னாளில் புதிதாக ஒரு வேதிப்பொருள் பேசப்படும்போது பழைய ஆண்டுகளைத் திரும்ப அளக்க வழி அது ஒன்றே.

மானியம் உறுதியான கடிதம் வந்ததும் படகை அவிழ்க்க முடியாது. தர உறுதித் திட்டத்துக்கு ('குவாப்' என்பார்கள்) ஒப்புதல் கிடைக்கும் முன் எடுத்த தரவுக்கு மதிப்பில்லை. கண்டறியும் எல்லை, ஏற்கத்தக்க மீட்பு விழுக்காடு (மாதிரியில் சேர்த்ததில் எவ்வளவு அளவீட்டில் திரும்பக் கிடைக்கிறது என்பது), மாதிரி கைமாறும் பதிவு, தரவு தவறினால் யார் என்ன செய்வார் என்று ஒவ்வொன்றும் அதில் எழுத்தில் இருக்க வேண்டும். ஒருமுறை எழுதி ஒருமுறையில் ஒப்புதல் வாங்கியவர் யாருமில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாநில மீன்பிடி அனுமதியும், பல்கலைக்கழக விலங்கு நலக் குழுவின் அனுமதியும் தனித்தனி வரிசை.

லேக் டிரவுட் முட்டையிடுவது இலையுதிர்காலத்தில். முட்டையோடு கொழுப்பும் போய்விடும். கொழுப்பில் கரைந்த பி.சி.பி.யும் கூடவே போகும். ஆகவே அதற்கு முன் பிடித்தாக வேண்டும். அரசின் நிதியாண்டோ அக்டோபரில்தான் பிறக்கிறது. குவாப் ஒப்புதல் நவம்பரில் வந்தால் அந்த ஆண்டின் மீன் போயிற்று. இடங்கள் மாறி மாறி வருவதால் அதே இடத்துக்கு மீண்டும் போக இரண்டு ஆண்டு. விண்ணப்பத்தின் கால அட்டவணையைப் பணம் வரும் நாளிலிருந்து முன்னோக்கி எழுதாமல், மீன் பிடிக்கும் வாரத்திலிருந்து பின்னோக்கி எழுதுங்கள். வரைவுக் குவாப்பை விண்ணப்பத்தோடேயே தயாரித்து வைத்தால் மாதங்கள் மிச்சம்.

அரைக்கும் மேசையிலும் சில விஷயங்கள். ஒரு டிரவுட் 2 முதல் 4 கிலோ. ஐந்து மீன் என்றால் சமையலறை அரவை இயந்திரம் தாங்காது. பாதி உறைந்த நிலையில் வெட்டி அரைக்க வேண்டும். முழுதும் உருகினால் கொழுப்பும் நீரும் பிரிந்து வழியும். கல்லாக உறைந்திருந்தால் கத்தி முறியும். நிறம் சீராகும் வரை திரும்பத் திரும்ப அரைக்க வேண்டும். பி.எஃப்.ஏ.எஸ். அளக்கும் மாதிரியின் அருகே டெஃப்ளான் மூடி, நீர்புகாப் பூச்சிட்ட குறிப்பேடு, மழைக்கோட்டு எதுவும் வரக்கூடாது. போத்தலை விளிம்புவரை நிரப்பினால் உறையும்போது வெடிக்கும்.

இறுதி அறிக்கைக்கு ஒப்பந்தம் முடிந்த நாளிலிருந்து 120 நாள். கடைசிப் பருவத்து மீன் அக்டோபரில் வந்து, ஒப்பந்தம் டிசம்பரில் முடிந்தால், பகுப்பாய்வுச் செலவை எழுத இடமே இருக்காது. முடிந்த பின் செய்த பகுப்பாய்வுச் செலவு செல்லாது. கடைசி மீன்பிடிப்புக்குப் பிறகு குறைந்தது ஓர் ஆண்டாவது ஒப்பந்தம் உயிரோடு இருக்கும்படி முதல் நாளே கேளுங்கள். கால நீட்டிப்பு தேவைப்பட்டால் அதையும் முடிவுத் தேதிக்கு முன்பே.