விற்காமல் கிடந்த புத்தகங்களும் கவிஞர்களின் கடிதங்களும்

ஓவியங்களோடு வெளிவந்த பிரெஞ்சுப் புத்தகங்களில் இன்று சேகரிப்பாளர்கள் போட்டி போட்டு வாங்குபவற்றுள் பல, வெளிவந்த காலத்தில் விலைபோகாமல் கிடந்தவை. ஓவிய வணிகரான அம்புருவாஸ் வோலார் 1900இல் வெளியிட்ட, வெர்லேனின் 'பாரலெல்மான்' கவிதைத் தொகுப்பையே எடுத்துக்கொள்ளலாம். அதற்குப் பியேர் போன்னார் வரைந்த கல்லச்சுப் படங்கள் செம்மை கலந்த இளஞ்சிவப்பில் அச்சாகியுள்ளன. அவை தனித் தாள்களில் அடங்கி நிற்காமல், பக்கத்தின் ஓரங்களில் வழிந்து, சாய்வெழுத்து வரிகளுக்கு இடையிலும் அடியிலும் நுழைந்து, சில இடங்களில் கவிதையின் மீதே சாய்ந்து கிடக்கின்றன. புத்தகப் படம் என்றால் மரச்செதுக்கு அச்சுதான் என்று நம்பியிருந்த அக்காலப் புத்தகப் பிரியர்களுக்கு இது பிடிக்கவில்லை. அச்சிட்டவை சுமார் 200 பிரதிகளே என்றாலும் அவை விற்பதே பெரும்பாடாயிற்று.

எட்கர் ஆலன் போவின் அண்டங்காக்கைக் கவிதையை மல்லார்மே பிரெஞ்சு உரைநடையில் பெயர்க்க, மானே படம் வரைந்து 1875இல் வெளிவந்த பதிப்புக்கும் அதே கதிதான். ஆனாலும் இருவரும் சோர்ந்துவிடாமல், காட்டுத் தெய்வமான ஃபோனின் பிற்பகலைப் பாடும் மல்லார்மேயின் கவிதையை மறு ஆண்டே 195 பிரதிகளில் கொண்டுவந்தார்கள். பொன்னெழுத்துப் பொறித்த மேலுறைக்குக் கறுப்பிலும் இளஞ்சிவப்பிலும் பட்டுக் கயிறுகள் கட்டியிருந்தார்கள். அந்தக் கயிறுகள் சற்று மிகை என்பதே என் எண்ணம். இருந்தாலும், அவை அறுபடாமல் இருக்கும் பிரதிக்குள்ள மதிப்பே தனி.

வாங்குபவர் முதலில் புரட்ட வேண்டியது, மொத்தம் எத்தனை பிரதிகள், எந்தெந்தத் தாளில் அச்சானவை, கையிலிருப்பது எத்தனையாவது என்று சொல்லும் பதிப்பு விவரப் பக்கத்தை. அடுத்தது மேலுறை. பிரெஞ்சுப் புத்தகங்கள் மெல்லிய காகித உறையோடு வெளிவர, வாங்கியவரே தம் விருப்பப்படி பைண்டு செய்துகொள்ளும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. ஆகவே பைண்டு செய்தவர் மூல உறையை உள்ளே சேர்த்துக் கட்டினாரா, ஓரங்களை வெட்டினாரா என்பதைப் பொறுத்து விலை பெரிதும் மாறும். போன்னாரைப் போல ஓரம்வரை வரைந்தவரின் பக்கத்தில் கத்தி பட்டால் படமே குறைபட்டுவிடும்.

கடிதச் சந்தையில் துயரத்துக்கே விலை அதிகம். தற்கொலை செய்துகொள்ளப் போவதாக 1845 ஜூன் 30 அன்று கவிஞர் பொதலேர் தம் காதலி ழான் துவாலுக்கு எழுதிய கடிதம், 2018இல் 2,34,000 யூரோவுக்கு ஏலம் போனது. (அதை எழுதிய பிறகு அவர் 22 ஆண்டுகள் வாழ்ந்தார்.) எனக்கோ மெய்ப்புத் திருத்தத்தையும் எழுத்துருவையும் வராத பணத்தையும் பற்றிய வறண்ட கடிதங்களே மேலானவையாகத் தோன்றுகின்றன. 'தீமையின் மலர்கள்' கவிதைத் தொகுப்பு அச்சான 1857இல் அதே பொதலேர் தம் பதிப்பாளர் பூலே-மாலாசியை மெய்ப்புத் தொடர்பாக நச்சரித்து எழுதியவற்றில், ஒரு புத்தகம் எப்படி உருவாயிற்று என்பது கண்முன் தெரிகிறது.

போலிகளைப் பற்றி எச்சரிக்கை தேவை. பிரான்சில் அஞ்சல்தலை வந்தது 1849 ஜனவரியில்தான். அதற்கு முந்திய கடிதங்களைப் பெரும்பாலும் தாளையே மடித்து அரக்கு வைத்து, வெளிப்புறத்தில் முகவரி எழுதி அனுப்பினார்கள். அவ்வாறு போன தாளில் மடிப்புத் தேய்வும் அரக்கின் தடமும் இருக்க வேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தெரியும் நீர்க்குறி, கடிதத்தின் தேதிக்குப் பிந்திய காகித ஆலையுடையதாக இருந்தால் மேற்கொண்டு பேச்சே இல்லை. கிளியோபாட்ரா பிரெஞ்சு மொழியில் எழுதியதாகச் சொல்லப்பட்ட கடிதத்தைக்கூட வ்ரேன்-லூக்கா என்ற மோசடிக்காரர் கணிதப் பேரறிஞர் மிஷெல் ஷாலின் தலையில் கட்டி, 1870இல் சிறைக்குப் போனார்.

அசலே கிடைத்தாலும், வாங்கியவருக்குச் சொந்தமாவது தாள் மட்டுமே. அதிலுள்ள எழுத்தின் மீதான உரிமை, கவிஞர் இறந்து 70 ஆண்டுகள்வரை அவருடைய வாரிசுகளிடம் இருக்கும். ஏலத்தில் சுத்தியல் விழுந்த பிறகும் பிரெஞ்சு அரசு அதே விலைக்கு முன்னுரிமை கோரி, 15 நாட்களுக்குள் அதை உறுதிசெய்து எடுத்துக்கொள்ளலாம்.

கவிஞரின் கடிதத்தை அவருடைய புத்தகத்துக்குள்ளேயே சேர்த்து பைண்டு செய்துவிடுவது பிரெஞ்சுச் சேகரிப்பாளர்களின் பழைய வழக்கம். அதனால் விலை ஏறும் என்பது உண்மைதான். ஆனால், கடிதத்தின் மை எதிர்ப்பக்கத்தில் கறையாகப் பதிகிறது, ஒட்டிய விளிம்பு நாளடைவில் இற்றுப்போகிறது, மறுபக்கத்தை வசதியாகப் படிக்கவும் முடிவதில்லை. ஏற்கெனவே அப்படிக் கட்டியதைப் பிரிக்கக் கூடாது. புதிதாக வாங்கும் கடிதத்தை அமிலமற்ற உறையிலிட்டு, அதற்குரிய புத்தகத்தின் அருகில் வைத்தாலே போதும்.