இந்த விசையைக் கொடுப்பது எது?

பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு இயக்க விதிகளைத் தொடங்கும்போது, சமன்பாடு எதையும் எழுதுவதற்கு முன், மேல்நோக்கி எறியப்பட்டு, கையை விட்டு நீங்கி, இன்னும் ஏறிக்கொண்டிருக்கும் ஒரு பந்துக்குத் தனித்த பொருள் விசைப்படம் வரையச் சொல்வது என் வழக்கம்; அதாவது, அந்த ஒரு பொருளை மட்டும் தனியே எடுத்து, அதன்மீது செயல்படும் விசைகளை அம்புக்குறிகளாகக் காட்டும் படம். காற்றின் தடையை விட்டுவிடலாம் என்றும் சொல்லிவிடுவேன். பெரும்பாலான நோட்டுகளில் இரண்டு அம்புக்குறிகள் இருக்கும்: கீழ்நோக்கி எடை, மேல்நோக்கி "எறிந்த விசை". பந்து மேலே போகிறது என்பதால் மேல் அம்பைச் சற்று நீளமாகவே போட்டிருப்பார்கள்.

அந்த அம்பின் மேல் விரலை வைத்து நான் கேட்பது ஒன்றுதான்: இந்த விசையைப் பந்துக்குக் கொடுப்பது எது? கை என்றால், கை இப்போது பந்தைத் தொடவில்லை. வேறு எதுவும் தொடவில்லை. பந்திடம் இருப்பது திசைவேகம். அது விசை அன்று. எறிந்த பொருளைக் காற்றே தள்ளிக்கொண்டு போகிறது என்று அரிஸ்டாட்டில் கருதினார். 14ஆம் நூற்றாண்டில் பாரிஸில் ழான் புரிடான், எறிபவர் பொருளுக்குள்ளேயே ஓர் உந்தலைப் பதித்துவிடுகிறார் என்றார். மாணவர் வரைந்த அம்பு ஏறத்தாழப் புரிடானின் கருத்துதான் என்பதால், அதை நான் ஒருபோதும் மட்டமாகப் பேசுவதில்லை. அழிக்க மட்டும் சொல்வேன்.

அடுத்தது லிஃப்ட். 60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் உள்ளே எடை பார்க்கும் இயந்திரத்தின் மேல் நிற்கிறார். படத்தில் அவரை மட்டும் ஒரு புள்ளியாக வைக்க வேண்டும். கம்பிவடத்தின் இழுவிசையைப் பலரும் இங்கே வரைந்துவிடுகிறார்கள். வடம் இழுப்பது லிஃப்டை, அவரை அன்று. அவர்மீது செயல்படுபவை இரண்டே: பூமி இழுக்கும் 588 நியூட்டன், இயந்திரம் மேல்நோக்கித் தரும் செங்குத்து விசை. லிஃப்ட் 2 மீ/வி² முடுக்கத்துடன் மேலேறும்போது, அவருக்கும் அதே முடுக்கம் கிடைக்க 120 நியூட்டன் மிஞ்ச வேண்டும். ஆகவே செங்குத்து விசை 708 நியூட்டன், இயந்திரம் காட்டுவது 72 கிலோவுக்குச் சற்று மேல். மாறா வேகத்தில் ஏறும்போது அது மீண்டும் 60க்கே வந்துவிடும். மேலே போகும்போது மேல்நோக்கிய விசை அதிகமாக இருந்தாக வேண்டும் என்ற எண்ணம் இந்த இடத்தில்தான் உண்மையாகவே உடைகிறது. பந்தில் ஒப்புக்கொண்டவர்கள்கூட இங்கே நெடுநேரம் வாதிடுவார்கள்.

எடையும் செங்குத்து விசையும் நியூட்டனின் மூன்றாம் விதி கூறும் செயல்–எதிர்ச்செயல் இணை என்ற பிழையும் இதே படத்தால் தீர்ந்துவிடும். இணையாக இருந்தால் அவை எப்போதும் சமமாக இருக்க வேண்டும். நாம் கண்டதோ 588, 708. எடையின் உண்மையான இணை, அவர் பூமியை மேல்நோக்கி இழுக்கும் 588 நியூட்டன். அந்த அம்புக்கு இந்தப் படத்தில் இடமில்லை. அதைக் காட்ட வேண்டுமானால் பூமிக்கென்று தனியாக ஒரு படம் வரைய வேண்டும்.